தறிக்குடோனும் பி.பி. மாத்திரையும்: நாலு வருஷ அனுபவம்

பல்லடம் பக்கம் எட்டு விசைத்தறி போட்டுக் கூலிக்குக் காடாத் துணி ஓட்டுகிறேன். வயது 53. 2021 கடைசியில் ஆரம்பித்த பி.பி. மாத்திரையை இன்றுவரை போட்டுக்கொண்டிருக்கிறேன், நடுவில் ஒரு நாலு மாதம் தவிர. அந்த நாலு மாதத்தைச் சொல்லத்தான் முக்கியமாக இதை எழுதுகிறேன்.

எனக்குப் பி.பி. இருப்பது தெரிந்ததே தற்செயலாகத்தான். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கினார்கள். அதில் தன்னார்வலராக இருக்கும் எங்கள் ஊர்ப் பெண் ஒருவர் என் அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை கொடுக்க வந்தவர், "நீங்களும் கைய நீட்டுங்ணா" என்றார். 176/104. தலைவலி, கிறுகிறுப்பு எதுவும் இல்லை. முந்தின நாள் ராத்திரிதான் ஒரு பாவு ஏற்றிவிட்டுப் படுத்திருந்தேன். "மெஷின் ரிப்பேரு அம்மிணி" என்றேன்.

"தறியில இருந்து நேரா எந்திரிச்சு வந்தா கூடத்தாங்ணா காட்டும். சித்த நேரம் பேசாம உக்காருங்க" என்று நாற்காலியில் சாய்ந்து உட்காரவைத்து, கையை மேசைமேல், நெஞ்சு மட்டத்துக்கு வைக்கச் சொன்னார். அஞ்சு நிமிஷம் கழித்து 162/98. குறைந்ததுதான், ஆனால் ரிப்பேர் மெஷினில் இல்லை என்று தெரிந்துபோனது.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டரம்மா எடுத்த எடுப்பில் மாத்திரை எழுதவில்லை. ரத்தம், சிறுநீர், இசிஜி எல்லாம் பார்த்து, அடுத்த வாரம் இன்னொரு முறை அளந்து, அப்போதும் 160 என்றதும்தான் அம்லோடிபின் 5 மில்லிகிராம் ஆரம்பித்தார். 140/90க்குக் கீழே கொண்டுவந்து அங்கேயே நிறுத்துவதுதான் கணக்கு என்றார். நான் மறுநாளே அளந்து பார்த்து ஏமாந்தேன். அந்த மாத்திரை முழுசாக வேலை காட்ட ஒன்றிரண்டு வாரம் ஆகுமாம்.

ஆறு மாதத்தில் 128/82. அங்கேதான் வந்தது வினை. சரியாகிவிட்டது என்று நானே முடிவு செய்து மாத்திரையை நிறுத்தினேன். ஒறம்பரையில், அதாவது சொந்தத்தில், ஒருத்தர் சொன்னாரென்று காலையில் வெறும் வயிற்றில் பூண்டு, முருங்கைக்கீரைச் சாறு. மாரியம்மன் நோம்பிக்குக் கிடாய் விருந்தும் குறையில்லாமல் நடந்தது. நாலு மாதத்தில் உடம்பு ஒன்றுமே சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை. அளந்து பார்த்தால் 170/102. டாக்டரம்மா திட்டவில்லை. "அந்த 128 உங்களோடது இல்லீங்க, மாத்திரையோடது" என்றார், அவ்வளவுதான்.

திரும்ப ஆரம்பித்தபோது 5 போதவில்லை, 10 ஆக்கினார்கள். மூணு வாரத்தில் சாயங்காலமானால் கணுக்கால் வீங்க ஆரம்பித்தது. செருப்பைக் கழற்றினால் வார் இருந்த இடம் பள்ளமாகத் தெரியும். கிட்னி போச்சு என்றே நினைத்துவிட்டேன். ஆனால் இந்த முறை மாத்திரையை நிறுத்தாமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். அம்லோடிபினுக்கு இது சகஜம், அளவு கூடினால் வீக்கமும் கூடும் என்று சொல்லி, பழையபடி 5க்கு இறக்கி, கூட டெல்மிசார்ட்டன் 40 என்று இன்னொரு பி.பி. மாத்திரையைச் சேர்த்தார். வீக்கம் வற்றிவிட்டது. டெல்மிசார்ட்டன் போட்டால் கிட்னி எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினினும் பொட்டாசியமும் ரத்தத்தில் எவ்வளவு என்று அவ்வப்போது பார்க்க வேண்டும். அதை நான் தட்டுவதில்லை.

இன்னொரு முட்டாள்தனமும் உண்டு. நாள் பூராவும் தறி முன்னால் நிற்பதில் முழங்கால் வலி. மருந்துக் கடையில் கேட்டேன், டைக்ளோபினாக் கொடுத்தார்கள். பி.பி. இருக்கா, வேறு என்ன மாத்திரை போடுறீங்க என்று அவர்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பத்து நாள் போட்டதில் 154க்கு ஏறிவிட்டது. அந்த வகை வலி மாத்திரை பி.பி.யையும் ஏற்றும், டெல்மிசார்ட்டனோடு சேர்ந்தால் கிட்னிக்கும் ஆகாது என்று பிறகுதான் தெரிந்தது. இப்போது வலித்தால் டாக்டரம்மா சொன்ன பாரசிட்டமால்தான்.

உப்பு விஷயத்தில் நான் வீரம் பேசமாட்டேன். அரிசிம்பருப்புச் சோற்றுக்கு ஊறுகாய் இல்லாமல் எப்படி? உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே. நாலு பேர் வீட்டுக்கு மாதம் 600 கிராம். எங்கள் வீட்டில் ஒரு கிலோ பாக்கெட் இருபத்தஞ்சு நாளில் காலியாகிக்கொண்டிருந்தது. மோர்மிளகாயை விட்டேன், ஊறுகாய் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் என்றானது. பாக்கெட் இப்போது நாற்பது நாள் வருகிறது.

வீட்டுக்கு மெஷின் வாங்குவதானால் மேல்கையில் கட்டுவதாகப் பாருங்கள். மணிக்கட்டு மெஷின் என்னிடம் ஒருநாளும் ஒரே கணக்கைச் சொன்னதில்லை. கை பருமனாக இருந்து பட்டை சின்னதாக இருந்தால் கூடக் காட்டும். டீ குடித்த கையோடு அளக்காதீர்கள், அரை மணி நேரமாவது போகட்டும். வீட்டில் அளக்கும்போது 135/85க்குக் கீழே இருக்க வேண்டுமாம்.

மறதிக்கு நான் கண்ட வழி, மாத்திரை அட்டையை ரப்பர் பேண்டு போட்டு நாள்காட்டி ஆணியிலேயே தொங்கவிட்டது. மாத்திரை போடாமல் தேதி கிழிப்பதில்லை. என்றைக்காவது பழைய தேதி தொங்கினால் அம்மாவே கூப்பிட்டுச் சொல்லிவிடுவார்.

இப்போது அந்த அம்மிணி வரும்போதெல்லாம் எட்டுத் தறியையும் நிறுத்திவிட்டு உட்காருகிறேன். ஓட்ட ஆள் கிடையாது, நான் மட்டும்தான். அஞ்சு நிமிஷத்தில் மூணு மீட்டர் துணி போச்சு. போகட்டும். போன மாதம் 132/84. அப்படியே என் வீட்டுக்காரம்மா கையையும் நீட்டச் சொன்னார். 156/94. அவளும் மெஷின் ரிப்பேரு என்றுதான் சொன்னாள். வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன்.