பழைய திங்க்பேட் டி450 + 27 அங்குல 4கே மானிட்டர்: நீண்ட நாள் பயன்பாட்டுக்குப் பிறகு

டி450 லேப்டாப் 2015-ஆம் ஆண்டின் மாடல். ஐ5-5300யு பிராசசர், இன்டெல் ஹெச்டி 5500 கிராஃபிக்ஸ். இதில் 4கே (3840×2160 புள்ளிகள்) மானிட்டர் ஓடுமா என்றால் ஓடும், அதுவும் 60 ஹெர்ட்ஸிலேயே, அதாவது படம் நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும். எழுத்து வேலை, கோடிங், பெரிய எக்ஸெல் ஷீட், பக்கத்திலேயே ஒரு பிடிஎஃப் என்ற அளவில் குறையே சொல்ல முடியாது. 4கே வீடியோ பார்க்கத்தான் மானிட்டர் வாங்குகிறீர்கள் என்றால் இந்த லேப்டாப்பை விட்டுவிடுங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது போர்ட். இதே காலத்து லேப்டாப்புகளில் இருக்கும் ஹெச்டிஎம்ஐ 1.4 போர்ட்டில் வீடியோவுக்குக் கிடைப்பது விநாடிக்கு சுமார் 8.16 ஜிகாபிட். 4கே 60 ஹெர்ட்ஸுக்கு ஏறக்குறைய 12.8 ஜிகாபிட் வேண்டும். அதனால் அங்கே 30 ஹெர்ட்ஸைத் தாண்டாது, எவ்வளவு விலையில் கேபிள் வாங்கினாலும் சரி. டி450-இல் ஹெச்டிஎம்ஐ-யே கிடையாது. பழைய வகையான விஜிஏ-வும், டிஸ்ப்ளேபோர்ட் என்ற திரை இணைப்பின் சிறிய வடிவமான மினி டிஸ்ப்ளேபோர்ட்டும்தான். அது நல்லதாகவே போயிற்று. அந்த மினி போர்ட் டிஸ்ப்ளேபோர்ட் 1.2 வகை, 17.28 ஜிகாபிட் வரை கொடுக்கும்.

இதற்கு மூன்று வருடம் முந்தைய டி430-இலும் பார்க்க இதே போன்ற மினி போர்ட்தான் இருக்கும். ஆனால் உள்ளே டிஸ்ப்ளேபோர்ட் 1.1, உச்சம் 2560×1600. அந்த லேப்டாப் வைத்திருப்பவர்கள் 1440பி (2560×1440) மானிட்டரோடு நிறுத்திக்கொள்வதே புத்திசாலித்தனம். டி440 இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட மாடல். போர்ட் 1.2 என்றாலும், அதில் உள்ள 4-ஆம் தலைமுறை யு வகை பிராசசருக்கு இன்டெல் சொல்லும் உச்சம் 3200×2000, 4கே-க்கு எட்டாது.

கேபிள் விஷயத்தில் ஒரே ஒரு பரிந்துரை: ஒரு முனை மினி டிஸ்ப்ளேபோர்ட், மறுமுனை முழு டிஸ்ப்ளேபோர்ட், நீளம் 2 மீட்டருக்குள், நடுவில் எந்த அடாப்டரும் வேண்டாம். மானிட்டரில் ஹெச்டிஎம்ஐ மட்டும்தான் இருக்கிறது என்றால் ‘ஆக்டிவ்’ வகை (சிக்னலை மாற்றும் சிப் உள்ளேயே இருப்பது), ஹெச்டிஎம்ஐ 2.0 என்று தெளிவாகப் போட்ட அடாப்டராக வாங்குங்கள். கடையில் மலிவாகக் கிடைக்கும் பேசிவ் (அந்தச் சிப் இல்லாத) அடாப்டர் பலவும் 165 மெகாஹெர்ட்ஸ் சிக்னல் வேகத்தோடு நின்றுவிடும். அதில் 1920×1200-க்கு மேல் எதிர்பார்க்க முடியாது. இன்னொன்று, லேப்டாப்பை அணைத்த பிறகும் ஏதோ ஒரு விளக்கு மினுக்கினாலோ, கேபிளைக் கழற்றினால்தான் லேப்டாப் ஆன் ஆகிறது என்றாலோ, கேபிளின் 20-ஆம் பின்னைச் சந்தேகப்படுங்கள். அது மின்சாரத்துக்கான பின். இரண்டு முனைக்கும் நடுவே அதை இணைக்கவே கூடாது, ஆனால் மட்டமான கேபிள்களில் இணைத்து வைத்திருப்பார்கள். மானிட்டரிலிருந்து லேப்டாப்புக்கு மின்சாரம் ஏறுவது அதனால்தான்.

எல்லாம் சரியாக மாட்டியும் 30 ஹெர்ட்ஸிலேயே நிற்கிறதா? மவுஸை வேகமாக ஒரு வட்டம் சுற்றினாலே தெரிந்துவிடும்; அம்புக்குறி தொடர்ச்சியாக நகராமல் விட்டுவிட்டுத் தாவும். விண்டோஸ் 10-இல் டிஸ்ப்ளே செட்டிங்ஸுக்குள் ‘அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே’ பக்கத்தில் சரியான எண்ணைப் பார்க்கலாம். பிறகு மானிட்டரின் சொந்த மெனுவுக்குப் போய் டிஸ்ப்ளேபோர்ட் பதிப்பு 1.1 என்று இருக்கிறதா என்று பாருங்கள். பழைய கருவிகளோடு தகராறு வராமல் இருக்க அப்படி வைத்தே அனுப்புவதுண்டு. 1.2-க்கு மாற்றினால் 60 வந்துவிடும். திரை ஓரிரு நொடி கறுத்துத் திரும்பி வருவது வேறு நோய். அதற்கு முதல் காரணம் கேபிள். உட்கார்ந்து எழும்போதெல்லாம் வருகிறது என்றால் நாற்காலியை ஏற்றி இறக்கும் கேஸ் லிஃப்டையும் கவனியுங்கள். அதிலிருந்து வரும் நிலைமின்சாரம் கேபிளைத் தாக்குவது கேட்கச் சிரிப்பாக இருந்தாலும் நடக்கிற விஷயம்தான்.

ரேம். செகண்ட் ஹேண்டில் வரும் டி450-கள் பலவற்றில் ஒரு ஸ்லாட் காலியாகவே இருக்கும். தனி கிராஃபிக்ஸ் நினைவகம் இல்லாத இந்த லேப்டாப்பில், 4கே 60-க்குத் திரையைப் புதுப்பிக்க மட்டுமே நொடிக்கு 2 ஜிபி அளவு ரேமிலிருந்து போய்க்கொண்டே இருக்கும். ஒற்றை ஸ்டிக்கின் மொத்த வேகம் 12.8 ஜிபி, இரண்டு போட்டால் 25.6. விண்டோக்களை இழுக்கும்போதும், நீளமான பக்கத்தை உருட்டும்போதும் வித்தியாசம் கண்கூடு. வாங்கும்போது டிடிஆர்3எல், 1.35 வோல்ட் என்று பார்த்து வாங்குங்கள், 1.5 வோல்ட் ஸ்டிக் இதில் ஒத்துவராது. பின்மூடியைத் திறப்பதற்கு முன் பயாஸில் (லேப்டாப் ஆன் ஆகும்போது திறக்கும் அடிப்படை அமைப்பு மெனு) பவர் பகுதிக்குப் போய் உள்பேட்டரியைத் தற்காலிகமாக முடக்கிவிடுங்கள். வெளியே தெரியும் பேட்டரியைக் கழற்றினால் மட்டும் போதாது, உள்ளே இன்னொன்று இருக்கிறது.

27 அங்குலத்தில் 4கே என்றால் அங்குலத்துக்கு 163 புள்ளிகள். தமிழ் வாசிப்புக்கு இதன் பலன் அதிகம்: 1366×768 திரையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் ண, ஞ, இ ஆகியவற்றின் சுழிகள் சிறிய எழுத்திலும் தனித்தனியாகத் தெரியும். ஸ்கேலிங் (எழுத்து, ஐகான்களைப் பெரிதாக்கிக் காட்டும் அளவு) 150 சதவீதம் சரியாக இருக்கும். லேப்டாப் திரை 100-இல் இருப்பதால், விண்டோவை அங்கிருந்து இங்கே இழுக்கும்போது பழைய மென்பொருள்கள் மங்கலாகும். அந்த மென்பொருளின் ப்ராபர்ட்டீஸ், கம்பாட்டிபிலிட்டி, ‘சேஞ்ச் ஹை டிபிஐ செட்டிங்ஸ்’ வழியாகப் போய் ஓவர்ரைடைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் சரியாகும். மானிட்டரையே முதன்மைத் திரையாக வைத்து, லாகவுட் செய்து மறுபடி நுழைவது இன்னும் சுலபம்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கான ஆதரவுப் பட்டியலில் இந்த பிராசசர் இல்லை. லினக்ஸுக்கு மாறுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: உபுண்டு போன்றவற்றில், எக்ஸ்11 என்ற பழைய திரை அமைப்பின் கீழ் 150 சதவீத ஸ்கேலிங் போட்டால், அது முதலில் 5120×2880 அளவில் வரைந்து, பிறகு சுருக்கிக் காட்டும். ஹெச்டி 5500-க்கு அது தாங்காது; எல்லாமே ஜவ்வாக இழுக்கும். ஸ்கேலிங்கை 100-இல் விட்டுவிட்டு, எழுத்தின் அளவை மட்டும் 1.5 மடங்காக்குங்கள். ஐகான்கள் கொஞ்சம் சிறியதாக இருக்கும், அவ்வளவுதான்.

யூடியூப் 1080பி-க்கு மேல் தருவது விபி9 அல்லது ஏவி1 என்ற வீடியோ சுருக்க வடிவில். விபி9-ஐ முழுக்க கிராஃபிக்ஸிலேயே விரிக்கும் வசதி இன்டெல்லில் 7-ஆம் தலைமுறையில்தான் வந்தது. இங்கே சுமை பெரும்பாலும் பிராசசர் தலையில் விழும், ஃபேன் கத்தும். 1080பி போதும்.

அன்றாடத் தொல்லை ஒன்று உண்டு. மானிட்டரை அதன் பட்டனில் அணைத்தால், டிஸ்ப்ளேபோர்ட் அதைக் கேபிளைப் பிடுங்கியதாகவே எடுத்துக்கொள்ளும்; திறந்திருந்த விண்டோக்கள் எல்லாம் லேப்டாப்பின் சின்னத் திரைக்குள் போய்க் குவியும். பட்டனைத் தொடாமல், திரை தானாகத் தூங்கும்படி விட்டால் தொல்லை குறையும், சில மானிட்டர்களில் அப்போதும் வரும். தூங்கி எழுந்து படம் வரவில்லை என்றால் விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் சேர்த்து அழுத்துங்கள். கிராஃபிக்ஸ் டிரைவர் மட்டும் மறுபடி தொடங்கும், திறந்த கோப்புகள் அப்படியே இருக்கும்.

நாள் முழுக்க சார்ஜரிலேயே இருக்கப்போகும் லேப்டாப் என்பதால், லெனோவோ வான்டேஜ் என்ற அந்நிறுவனத்தின் மென்பொருளில் சார்ஜ் வரம்பை 80 சதவீதமாக வையுங்கள். லினக்ஸில் டிஎல்பி (TLP) என்ற மென்பொருள் மூலம் அதையே செய்யலாம். இரண்டு பேட்டரிக்கும் தனித்தனியாக அமைக்க வேண்டும். உள்பேட்டரியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.