ஹை வால் ரைஃபிளின் குழலுக்கு மறுவாழ்வு: ஒரு பட்டறையின் வேலை பற்றி

பழைய ஒற்றைத் தோட்டா ரைஃபிள்களைச் சேகரிப்பவர்களுக்கு, வெளியே கண்ணைக் கவரும் குழலும் உள்ளே துரு அரித்த புரிகளும் (குண்டைச் சுழலவைக்கும் சுருள் பள்ளங்கள்) ஒரே துப்பாக்கியில் அமைந்திருப்பது பழகிப்போன துயரம். என்னிடம் உள்ள வின்செஸ்டர் 1885 ஹை வால் அப்படிப்பட்டதுதான். ஜான் பிரௌனிங் வடிவமைத்து 1879-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. 1883-இல் அதன் உரிமையை வாங்கிய வின்செஸ்டர் நிறுவனம் 1885 முதல் 1920 வரை சுமார் 1,40,000 ரைஃபிள்களை வெளியிட்டது. லீவரைக் கீழே தள்ளினால் குழலின் பின்வாயை மூடும் பிரீச் பிளாக்கும் அதனுடன் சுத்தியலும் நேராக இறங்குகின்றன. மேலே ஏற்றினால் இருபுறமும் உயர்ந்து நிற்கும் எஃகுச் சுவர்களுக்கு நடுவே பிளாக் இறுகப் பூட்டிக்கொள்கிறது. நூறாண்டு கடந்தும் என் ரைஃபிளில் அந்தப் பூட்டு தளரவில்லை. கெட்டுப்போனது குழலின் உட்புறம் மட்டுமே. தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் அக்காலப் பிரைமர்கள் விட்டுச்செல்லும் உப்பு ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சுட்ட அன்றே தண்ணீர் விட்டுக் கழுவாத யாரோ ஒருவரின் அலட்சியத்தை அந்தக் குழல் இத்தனை காலம் சுமந்திருந்தது.

புதுக் குழல் பொருத்தித் தரும்படி கேட்டுத்தான் பழைய துப்பாக்கிகளைச் செப்பனிடும் இந்தப் பட்டறைக்கு எழுதினேன். அவர்கள் உடனே ஒப்புக்கொள்ளாமல், குழலின் எட்டுப் பட்டை வடிவமும் அதில் பொறித்துள்ள முத்திரைகளும் சிதையாமல் இருப்பதால், உள்ளே மட்டும் துளையிட்டுப் புரி வெட்டிய மெல்லிய எஃகுக் குழாயைச் செருகலாம் என்று விளக்கினார்கள். புதுக் குழலுக்கு அவர்கள் கூடுதலாகவே வாங்கியிருக்க முடியும். இந்தப் பட்டறை மீது எனக்கு நம்பிக்கை பிறந்தது அந்தப் பதிலால்தான். முன்பு வேறோர் இடத்தில் கொடுத்த ரைஃபிள் ஒன்று, சொல்லாமலேயே சக்கரத்தில் மெருகிடப்பட்டு, விளிம்புகள் மழுங்கி, திருகுத் துளைகளின் ஓரம் குழிந்து திரும்பி வந்தது. அதன் பழமையை இனி எவராலும் மீட்க முடியாது.

வேலையில் என்னை மிகவும் கவர்ந்தது அவர்கள் அளவெடுத்த விதம். சிறிது சூட்டிலேயே உருகும் செரோசேஃப் என்ற உலோகக் கலவையைச் தோட்டா அமரும் அறையான சேம்பருக்குள் ஊற்றி வார்ப்பு எடுத்திருந்தார்கள். இந்தக் கலவை குளிர்ந்ததும் முதலில் சற்றுச் சுருங்கி, பிறகு மெல்ல விரிந்து, ஒரு மணி நேர அளவில் சேம்பரின் உண்மை அளவுக்குத் திரும்பும் என்பதால், அந்த நேரத்தில் அளந்தால்தான் அளவு சரியாக இருக்கும். பெட்டியில் வந்த வார்ப்பின் மேல் ஊற்றிய நேரமும் அளந்த நேரமும் பென்சிலால் குறிக்கப்பட்டிருந்தன. பல்லார்டு ரைஃபிளுக்காகப் பிறந்த 32-40 தோட்டாவுக்கே குழலை மீண்டும் அமைத்தார்கள்: 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற பழைய புரிவேகம், 0.321 அங்குல ஈயக் குண்டு. அந்தத் தோட்டாவின் தொடக்க கால அளவான 165 கிரெயின் (மிகச் சிறிய எடை அலகு) குண்டும் 40 கிரெயின் கருமருந்துமே என் பயன்பாடும் ஆகும்.

பிரீச் பிளாக்கில், பிரைமரை அடிக்கும் ஊசி வெளிவரும் துளை பழைய ஹை வால்களில் சற்றுப் பெரியது. அழுத்தம் கூடினால் பிரைமரின் உலோகம் அந்தத் துளைக்குள் பிதுங்கும். துளையில் அதைக் குறுக்கும் எஃகு வளையம் பொருத்தி, மெல்லிய ஊசி செய்து கொடுத்தார்கள். இணைப்பு எங்கே என்று பூதக்கண்ணாடி வைத்துத் தேடியும் எனக்குத் தெரியவில்லை. பழைய ஊசியைத் தூக்கி எறியாமல் எண்ணெய்த் தாளில் சுற்றி, எந்த ரைஃபிளுடையது என்று வரிசை எண் எழுதி அனுப்பியிருந்தது எனக்கு மிகுந்த மனநிறைவைத் தந்தது.

மரவேலையில் அந்தக் கவனம் இல்லை. 100 கெஜத்தில் முதல் மூன்று குண்டுகள் ஒன்றரை அங்குலத்துக்குள் விழுந்தன. குழல் சூடேறியதும் நான்காவதும் ஐந்தாவதும் மேலே ஏறின. கழற்றிப் பார்த்தபோது, குழலுக்கு அடியில் உள்ள மர முன்கட்டையின் பின்முனை உலோகத்தோடு ஒட்டி அழுந்திய தடம் கருத்துப் பளபளத்தது. அங்கே ஒரு தாள் நுழையும் இடைவெளி இருந்திருக்க வேண்டும். புகைப்படத்துடன் எழுதியதும் தவறை ஒப்புக்கொண்டு, தங்கள் செலவிலேயே திரும்பப் பெற்று, மூன்று வாரத்தில் சரிசெய்து அனுப்பினார்கள். இப்போது ஐந்து குண்டுகளும் ஒரே கூட்டமாக விழுகின்றன. ஆனால் சுட்டுச் சோதித்த பிறகே அனுப்புவதாகச் சொன்ன பட்டறை, ஐந்தாவது குண்டு வரை சுட்டிருந்தால் இது அவர்களிடமே தெரிந்திருக்கும்.

காத்திருப்பும் நீண்டது. எட்டு மாதம் என்றார்கள், பதினான்கு மாதம் ஆயிற்று. நடுவே ஐந்து மாதம் என் கடிதங்களுக்குப் பதிலே இல்லை. வேலைப்பளு புரிகிறது, ஒரு வரி எழுதியிருக்கலாம் என்ற வருத்தம் இன்னும் இருக்கிறது.

பழைய எஃகை அதன் அடையாளம் கெடாமல் மீட்க வேண்டியவர்கள் இவர்களிடம் தயங்காமல் கொடுக்கலாம். புதிதாகக் கட்டை செதுக்க வேண்டும் என்றால் அதை மட்டும் மரவேலையில் தேர்ந்தவரிடம் ஒப்படைப்பதே நல்லது. அடுத்து என்னிடம் உள்ள ரெமிங்டன் ரோலிங் பிளாக் ரைஃபிளை இதே பட்டறைக்கு அனுப்பப்போகிறேன். முன்கட்டை இடைவெளியையும் ஐந்து குண்டுச் சோதனையையும் இம்முறை வேலைத்தாளிலேயே எழுதி வாங்கியிருக்கிறேன்.