ஃபிரேம் அருமை, அந்தக் கீழ் பேரிங் மட்டும் இல்லையென்றால்

நான் ஓட்டுகிற சைக்கிள் ஃபிரேமுக்குப் புது மாடல் வரப்போகிறதாம், பழையதன் விலையை நன்றாகவே இறக்கிவிட்டார்கள். அதைப் பார்த்துவிட்டு நண்பர் ஒருவர் "வாங்கலாமா?" என்று கேட்டிருந்தார். அவர் கேட்ட நேரம் சரியில்லை. ஹாண்டில்பாரும் முன்சக்கரமும் சேர்ந்து திரும்ப மேலும் கீழுமாக இரண்டு பேரிங் வைத்த ஹெட்செட் என்கிற பகுதியின் வேலைக்குக் கடையில் பணம் கட்டிவிட்டு அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தேன். அதனால் கொஞ்சம் சூடாகத்தான் எழுதுகிறேன், ஆனாலும் நியாயமாக எழுதப் பார்க்கிறேன். கம்பெனி பெயரைச் சொல்லப்போவதில்லை. இதே மாதிரி ஃபிரேமை இப்போது ஏகப்பட்ட பேர் செய்கிறார்கள், திட்டு எல்லோருக்கும் பொது.

லண்டனில் சைக்கிள் கிளப்போடு ஓட்டுகிற பலர் இரண்டு சைக்கிள் வைத்திருப்பார்கள். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை நல்ல சைக்கிள், மற்ற மாதங்களில் மட்கார்டு மாட்டிய, அடிபட்டாலும் மனசு வலிக்காத குளிர்கால சைக்கிள். எங்கள் ஃபிளாட்டில் நடைவழியில் ஒரு சைக்கிள் நின்றாலே குளியலறைக்கு ஒருக்களித்துத்தான் போக வேண்டும், இரண்டாவதைப் பற்றி வீட்டில் பேச்சே எடுக்க முடியாது. ஆகவே லண்டனுக்குத் தெற்கே சரே குன்றுகளில் ஜனவரி மழையில் ஓடவும் வேண்டும், மேற்கு லண்டனில் ஹில்லிங்டன் சைக்கிள் பந்தயச் சர்க்யூட்டில் போட்டிக்கும் அதுவே வேண்டும் என்றுதான் இந்த ஃபிரேமைத் தேடிப் பிடித்தேன். அலுமினியம், முன்சக்கரத்தைப் பிடிக்கிற கார்பன் ஃபோர்க், டிஸ்க் பிரேக், மட்கார்டுக்கு முறையான துளைகள். மற்ற விவரமெல்லாம் வாங்க நினைக்கிறவர்களுக்கு ஏற்கெனவே மனப்பாடமாக இருக்கும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் சொல்லாமலே முடித்துவிடுவேன்.

இது போட்டியில் இவ்வளவு நன்றாக ஓடும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. மட்கார்டு மாட்டுகிற ஃபிரேம் என்றால் மந்தமாகத் திரும்பும், எழுந்து நின்று மிதித்தால் நெளியும் என்று ஒரு பயம் இருந்தது. ஒன்றும் இல்லை. ஹில்லிங்டன் சுமார் ஒன்றரை கிலோமீட்டர் சுற்று, ஒவ்வொரு சுற்றிலும் அதே வளைவுகள், ஒவ்வொரு வளைவிலும் யாராவது ஒருவர் உங்கள் பாதைக்குள் நுழையப் பார்ப்பார். அங்கே இந்த ஃபிரேம் நினைத்த இடத்தில் நிற்கிறது, வளைவைத் தாண்டி மிதித்ததும் பின்சக்கரம் உடனே பதில் சொல்கிறது. கார்பன் ஃபிரேமைவிட அரைக் கிலோ கூடத்தான். ஆனால் நான் இருக்கிற, புதியவர்களுக்கான நான்காம் பிரிவில் அரைக் கிலோவால் தோற்றவர் யாரையும் பார்த்ததில்லை, என்னையும் சேர்த்து. பந்தய சைக்கிள் 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது என்கிற சர்வதேச சைக்கிள் சம்மேளன விதி பற்றியெல்லாம் நமக்குக் கவலை கிடையாது.

குளிர்காலத்தில் மட்கார்டுக்கு அடியில் 28 மி.மீ. டயர் போட்டும் தாராளமாக இடம் இருக்கிறது. சக்கர விளிம்பைப் பிடிக்கிற பழைய ரிம் பிரேக் ஃபிரேம்களில் இதற்கென்றே நீளக் கை வைத்த பிரேக் தேடி அலைய வேண்டியிருந்தது, அப்படியும் 25 டயர் உரசும். டிஸ்க் வந்து அந்தத் தலைவலி போனது. பின் மட்கார்டு நுனியில் ஒரு நீள ரப்பர் மடலும் கட்டிவிட்டால் கிளப்பில் நம் பின்னால் வருகிறவர் வாயில் சேறு போகாது, அவரும் நம்மைத் திட்ட மாட்டார். மெதுவாகத் திரும்பும்போது முன் மட்கார்டில் கால் விரல் இடிக்கிறது. சின்ன சைஸ் ஓட்டுகிறவர்களுக்கு இது எந்த ஃபிரேமிலும் உள்ளதுதான், பழகிவிடும். பெடல் அச்சுக்கான பிராக்கெட் மரை போட்டுத் திருகுகிற பழைய பாணி, அழுத்திச் செருகுகிற வகை இல்லை. அதை வடிவமைத்த புண்ணியவான் நன்றாக இருக்கட்டும், இத்தனை மழைக்கும் ஒரு கீச்சுச் சத்தம் இல்லை.

அதே புண்ணியவானுக்கோ அவர் பக்கத்து மேசைக்காரருக்கோ ஹெட்செட்டில் மட்டும் என்ன ஆயிற்று என்றுதான் புரியவில்லை.

எண்ணெய் ஓடுகிற பிரேக் குழாய்கள் வெளியே தெரியக் கூடாதாம். அதனால் ஹாண்டில்பாரில் இருந்து நேராக ஹெட்செட்டின் மேல் பேரிங் வளையத்துக்குள் நுழைந்து, பின் பிரேக் குழாய் ஃபிரேமுக்குள்ளும் முன் பிரேக் குழாய் ஃபோர்க் தண்டில் உள்ள ஒரு துளை வழியாக உள்ளேயும் போகின்றன. படத்தில் பார்க்க அழகு. காற்றுத் தடை குறையும் என்று சொல்வார்கள், மட்கார்டு மாட்டி மழைக்கோட்டோடு போகிற எனக்கு அது எந்தக் காற்று என்று தெரியவில்லை.

இங்கே உறைபனி வரும் என்றால் முந்தைய நாள் மாலையே சாலையில் கல்லுப்பு தூவிவிடுவார்கள், செஷயரில் வின்ஸ்ஃபோர்டு சுரங்கத்தில் தோண்டுகிற அதே பழுப்பு உப்பு. அது கரைந்த தண்ணீர் முன்சக்கரத்தில் இருந்து ஃபோர்க்கின் உச்சிக்கு அடிக்கிறது. மட்கார்டு பெரும்பகுதியைத் தடுக்கும், முழுதும் தடுக்காது. மேலே குழாய்க்காக விட்ட இடைவெளி வழியாக மழையும் வியர்வையும் தனியாக இறங்கும். எல்லாம் போய்ச் சேருகிற இடம் கீழ் பேரிங். தண்ணீர் காய்ந்துபோகும், உப்பு அங்கேயே இருக்கும். கொஞ்ச நாளில் குண்டுகள் ஓடுகிற பாதையில் துரு குழி பறித்துவிடும். அப்புறம் ஹாண்டில்பார் நேராக இருக்கும்போது அந்தக் குழியில் விழுந்து உட்கார்ந்துகொள்ளும், லேசாகத் திருப்ப நினைத்தால் முதலில் அடம்பிடித்து, பிறகு தேவைக்கு மேல் திரும்பும். சரேயில் பாக்ஸ் ஹில் குன்றில் ஏறும்போது தெரியாது. இறங்கும்போது வயிற்றைக் கலக்கும்.

பேரிங் தேய்வது குற்றமில்லை, இந்த ஊர்க் குளிரில் எல்லா பேரிங்கும் தேயும். குழாய் வெளியே போகிற சைக்கிள் என்றால் ஹாண்டில்பாரைப் பிடித்திருக்கிற ஸ்டெம்மைத் தளர்த்தி, ஃபோர்க்கைக் கீழே இறக்கி, பழைய வளையத்தை எடுத்துப் புதியதை வைத்து, கிரீஸ் தடவி மூடிவிடலாம். சமையலறையில் டீ கொதிக்கிற நேரத்தில் நானே செய்திருக்கிறேன். இதில் அப்படி முடியாது. முன் பிரேக் குழாய் கீழ் பேரிங்குக்கு மேலே ஃபோர்க் தண்டுக்குள் நுழைவதால், குழாயைப் பிரேக்கில் இருந்து பிரிக்காமல் வளையம் மேலே கழன்று வராது. மேல் பேரிங்கையும் மாற்ற வேண்டுமானால் பின் குழாயையும் பிரிக்க வேண்டும். பிரித்தால் நுனியை வெட்டிப் புது இணைப்புத் துண்டு போட வேண்டும், பிறகு எண்ணெய் நிரப்பிக் காற்றுக் குமிழியெல்லாம் வெளியேற்ற வேண்டும். ஒவ்வொரு முறை வெட்டும்போதும் குழாய் கொஞ்சம் குட்டையாகும். ஒரு கட்டத்தில் ஹாண்டில்பார் முழுதாகத் திரும்பாது, அப்போது முழுக் குழாயும் புதிதாக வேண்டும். பில்லில் பேரிங் விலை ஒரு சின்ன வரி. மீதியெல்லாம் கூலி. இது முதல் தடவையும் இல்லை.

கோடையில் மட்டும் வெளியே எடுக்கிற பந்தய சைக்கிளில் இந்த ஏற்பாடு இருந்தால் நான் வாயே திறக்க மாட்டேன். நான்கு பருவத்துக்கும் ஏற்றது என்று விளம்பரம் செய்து, மட்கார்டுக்குத் துளையும் போட்டு, உப்புத் தண்ணீர் நேராகப் போய்ச் சேருகிற இடத்தில் பூட்டையும் போட்டு வைத்தால் கோபம் வராமல் என்ன செய்யும்?

ஆகவே நண்பருக்குச் சொன்ன பதில்: வாங்காதீர்கள். இதே வடிவக் கோணங்களோடு பிரேக் குழாய் ஹெட்செட் வழியாகப் போகாமல் ஃபிரேமின் கீழ்ச் சட்டத்தின் பக்கவாட்டில் நுழைகிற ஃபிரேம்கள் இன்னமும் கிடைக்கின்றன, எஃகிலும் டைட்டானியத்திலும் கூட. நூறு இருநூறு கிராம் கூடட்டும். விற்கிறவரிடம் எடையைக் கேட்காமல், "கீழ் பேரிங்கை மாற்ற பிரேக் குழாயைக் கழற்ற வேண்டுமா?" என்று மட்டும் கேளுங்கள். பதில் சொல்ல அவர் தயங்கினால் போனை வைத்துவிடலாம்.

"அப்படியென்றால் உன்னுடையதை எனக்கே கொடுத்துவிடேன்" என்றார் அவர். தர மாட்டேன். சனிக்கிழமை ஹில்லிங்டனில் போட்டி இருக்கிறது, மட்கார்டைக் கழற்ற வேண்டும். எவ்வளவு சொன்னாலும் அந்த விலையைப் பார்த்து அவர் வாங்கத்தான் போகிறார் என்று தெரியும். வாங்கினால் சாதாரண பேரிங் வேண்டாம், துருப்பிடிக்காத ஸ்டெயின்லெஸ் பேரிங்காகக் கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் குழாய் கோக்கும் முன்பே அதை மாட்டச் சொல்லுங்கள், கீழ் வளையத்தைச் சுற்றி கிரீஸ் வழிகிற அளவுக்கு அப்பச் சொல்லுங்கள், பிரேக் குழாயையும் இரண்டு விரல் நீளம் கூட விட்டு வெட்டச் சொல்லுங்கள்.