பல்லை மாற்றுவதா, துளையை நீட்டுவதா? போடிமெட்டு ஏற்றத்துக்கான கேம் டைமிங்

போடியை அடுத்த முந்தலைத் தாண்டியதும் தொடங்கும் ஏற்றம், 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டில் கேரள எல்லையைத் தொடுகிறது. அங்கிருந்து பூப்பாறை, சாந்தன்பாறை ஏலத்தோட்டங்கள். பின் இருக்கையில் மூட்டை கட்டிக்கொண்டு 150 சிசி வண்டியில் வாரம் இருமுறை இந்த வழியாக ஏறுகிறேன். கேம் டைமிங்கை, அதாவது எஞ்சின் வால்வுகளைக் கேம் தண்டு திறந்து மூடும் நேரத்தை, நகர்த்தினால் இழுவை கூடுமா என்று இங்கே வண்டி வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். கூடும். ஆனால் நகர்த்தும் வழிகளுக்குள் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு இருக்கிறது.

பிஸ்டன் அடிமட்டம் போய்த் திரும்பிய பிறகும் காற்று நுழையும் வால்வ் சற்று நேரம் திறந்தே இருக்கும். எஞ்சின் வேகமாகச் சுழலும்போது, பாய்ந்து வரும் காற்று அந்த நேரத்திலும் உள்ளே நுழைந்து நிறைகிறது. மெதுவாகச் சுழலும்போது, வந்த காற்றையே பிஸ்டன் வெளியே தள்ளிவிடுகிறது. கேமை முன்தள்ளினால் வால்வ் சீக்கிரம் மூடும். கீழ்ச் சுழற்சியில், அதாவது எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது, இழுவை கூடும். பின்தள்ளினால் உச்சச் சுழற்சியில் சக்தி கூடும். தேனி–மதுரை நேர்சாலையில் முறுக்கி ஓட்டுகிறவருக்குப் பின்தள்ளுவது பொருந்தலாம். மூட்டையோடு வளைவில் திரும்புகிறவருக்கு முன்தள்ளுவதுதான் சரி.

பட்டறைகளில் முதலில் சொல்வது, பிஸ்டனோடு சுழலும் கிராங்க் தண்டிலிருந்து கேமைச் சுற்றும் டைமிங் செயினை ஒரு பல் தள்ளிப் போடுவது. செலவே இல்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். செயின் மாட்டும் பல்சக்கரமான கேம் ஸ்ப்ராக்கெட்டில் 34 பல் என்றால் ஒரு பல் 10.6 டிகிரி. கேம் ஒரு சுற்றுச் சுற்ற கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றுவதால், கிராங்கில் அது 21 டிகிரி. நமக்கு வேண்டியதோ இரண்டு முதல் நான்கு டிகிரிதான். போடியில் ஒரு பட்டறையில் என் வண்டிக்கு ஒரு பல் பின்தள்ளிப் போட்டுக் கொடுத்தார்கள். கிக்கரை உதைத்து உதைத்துக் கால் ஓய்ந்தது; ஐந்தாவது வளைவில் முதல் கியரிலேயே எஞ்சின் அணைந்தது. முன்பக்கம் ஒரு பல் தள்ளியிருந்தால், மேலே வரும் பிஸ்டன் திறந்துகொண்டிருக்கும் வால்வில் இடித்திருக்கவும் கூடும். இந்த வழியை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

மாற்றுவழி, கேமோடு ஸ்ப்ராக்கெட்டைப் பூட்டும் போல்ட் துளைகளை அரத்தால் ராவி நீளவாக்கில் விரித்து, ஸ்ப்ராக்கெட்டைச் சற்றே திருப்பிப் பூட்டுவது. மையத்திலிருந்து 18 மில்லிமீட்டர் தள்ளித் துளை இருந்தால், கிராங்கில் நான்கு டிகிரி நகர்த்த 0.63 மில்லிமீட்டர் போதும். அரத்தை நாலு இழுப்பு கூடுதலாக இழுத்தால் கணக்குத் தப்பிவிடும். அதனால் கிராங்கில் கோணம் பார்க்கும் டிகிரி தட்டு, வால்வின் தலையில் அதன் அசைவை அளக்கும் டயல் கேஜ் இரண்டும் இல்லாமல் தொடக்கூடாது. இதை எனக்குச் செய்துகொடுத்த பெரியவர், பிஸ்டனின் தலையில் குழந்தைகள் விளையாடும் களிமண்ணை அப்பி, வால்வுகள் இருக்கும் மேல்மூடியான ஹெட்டைப் பூட்டி, கிராங்கைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றினார். கழற்றிப் பார்த்தால் களிமண்ணில் இரண்டு வால்வுகளும் பிறைபோலப் பதிந்திருந்தன. பதிவின் மெலிந்த இடத்தைப் பிளேடால் அறுத்துக் காட்டி, "இது ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே போனால் விட்டுவிடு தம்பி" என்றார். முன்தள்ளும்போது காற்று நுழையும் வால்வுக்கும், பின்தள்ளும்போது புகை வெளியேறும் வால்வுக்கும் ஆபத்து என்பதை அன்று கண்ணால் பார்த்தேன். கடைசியாக லாக்டைட் பசை தடவிப் போல்ட்டை இறுக்கினார். நீட்டிய துளையில் போல்ட் நழுவினால் எஞ்சினே போய்விடும்.

ஒற்றைக் கேம் எஞ்சினில் இரண்டு வால்வுகளும் சேர்ந்தே நகரும். ஒன்றை மட்டும் மாற்ற முடியாது. இரட்டைக் கேம் என்றால் தனித்தனியாக வைக்கலாம். யமஹா ஆர்15 மூன்றாம் பதிப்பில் நிமிடத்துக்கு 7,400 சுழற்சியில் எஞ்சினே வால்வைத் தள்ளும் வேறு கேம் முகட்டுக்கு மாறிக்கொள்கிறது. அங்கே அரத்துக்கு வேலையில்லை. புதிய கேம் வாங்கிப் போடுவது பந்தயத்துக்குச் சரி. ஆனால் பந்தயக் கேம்களில் பெரும்பாலானவை கீழ்ச் சுழற்சியை விட்டுக்கொடுத்து மேலே வாங்குபவை, ஏலமூட்டைக்கு உதவாது.

அரத்தை எடுக்கும் முன் பழைய டைமிங் செயினைப் பாருங்கள். செயின் நீண்டால் கேம் தானாகவே பின்தங்கும்; ஹெட்டைத் தேய்த்திருந்தாலும் அப்படித்தான். இழந்ததை மீட்க நினைப்பவருக்குப் புதிய செயினே பாதிக் காரியத்தை முடித்துவிடும். இன்னொரு மலிவான போட்டியாளரும் இருக்கிறது: பின்சக்கரச் செயினை இழுக்கும் எஞ்சின் பக்க ஸ்ப்ராக்கெட்டில் 15 பல்லுக்குப் பதில் 14 போட்டால், சக்கரத்தில் இழுவை ஏழு சதவீதம் கூடும், உச்ச வேகம் அதே அளவு குறையும். சுமை மட்டுமே கவலை என்றால் நான் முதலில் இதைத்தான் செய்வேன்.

என் வண்டியில் புதிய செயின், நான்கு டிகிரி முன்தள்ளல், முன்னே 14 பல். உயரம் ஏற ஏற மெலியும் காற்று, ஆயிரம் மீட்டருக்குச் சுமார் பத்தில் ஒரு பங்கு சக்தியைத் தின்றுவிடும். அதை எந்தக் கேமும் திருப்பித் தராது. ஆனாலும் முன்பு முதல் கியருக்கு இறங்கிய வளைவுகளில் இப்போது இரண்டாம் கியரிலேயே திரும்புகிறேன். தேனிச் சாலையில் பஸ்ஸை முந்தத்தான் சற்றுக் கூடுதல் நேரம் ஆகிறது.