அரண்மனை மைதானமா, சின்னக் கூடமா?

பெங்களூரில் ராக் கேட்க இரண்டு வழி. 2007-இல் அயர்ன் மெய்டனும் 2011-இல் மெட்டாலிகாவும் என வெளிநாட்டு ராக் குழுக்கள் வந்துபோன அரண்மனை மைதானம் ஒன்று. 1996-இல் தொடங்கிய தெர்மல் அண்ட் எ குவார்ட்டர் போன்ற உள்ளூர்க் குழுக்கள் வாசிக்கும் சின்னக் கூடம் இன்னொன்று.

மைதானத்தில் மேடையிலிருந்து 100 மீட்டர் தள்ளி நின்றால் ஒலி சுமார் 0.3 நொடி பிந்தித்தான் வரும். டிரம்மரின் கை இறங்கிய பிறகே அடி கேட்கும். ஆயிரக்கணக்கானோர் ஒரே வரியைப் பாடும் சிலிர்ப்பு மட்டும் அங்கேதான்.

கூடத்தில் டிரம் நேராக நெஞ்சில் அறையும். கிட்டார் கம்பி அறுந்தாலும் தெரியும். பாடகர்தான் பாவம், டிரம்மோடு இருக்கும் சிம்பல் என்ற உலோகத் தட்டுகளின் சத்தத்தில் மூழ்கிவிடுவார்.

என் ஓட்டு கூடத்துக்கே. காதடைப்பான் எடுத்துக்கொண்டு சவுண்ட் இன்ஜினியர் பக்கத்தில் நில்லுங்கள். அவர் தன் காதுக்குத்தானே ஒலியைச் சரிசெய்கிறார்!