ஒரு நூலைக் கொளுத்திக் காட்டினால் மட்டும் நம்பிவிடாதீர்கள்: பிள்ளைக்கு வெயில்கால கவுன் தைக்கத் துணி எடுப்பவர்களுக்கு

சின்னப் பெண் குழந்தைக்கு வீட்டிலேயே ஒரு காட்டன் கவுன் தைக்கலாம் என்று துணி எடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். எனக்குப் போன மாதம் நடந்தது இது. கடையின் பெயரை எழுதப் போவதில்லை. நான் ஏமாந்த விதத்தைத் தெரிந்துகொண்டால் எந்தக் கடையிலும் நீங்கள் ஏமாற மாட்டீர்கள்.

மகளுக்கு ஆறு வயது. வெயில் ஆரம்பித்தாலே கழுத்திலும் முதுகிலும் வேர்க்குரு வந்துவிடும். ரெடிமேடில் வாங்கினால் உள்ளே நைலான் லைனிங், கழுத்தில் உறுத்தும் லேபிள், அக்குளில் இறுக்கம் என்று ஏதாவது ஒன்று இருக்கும். அதனால் நானே தைப்பது என்று முடிவு செய்தேன். கையில்லாத பாடி, இடுப்பில் சுருக்கம் வைத்த பாவாடை, பின்னால் முடிச்சுப் போட இரண்டு பட்டை, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பெரிய பை. பை அவள் கேட்டது. வழியில் பொறுக்கும் கூழாங்கல்லையெல்லாம் போட்டுக்கொள்ள வேண்டுமாம். பாடிக்கும் அதே துணியில் லைனிங் கொடுத்தால் கழுத்தும் கைக்குழியும் பிசிறில்லாமல் முடிந்துவிடும், உறுத்தவும் உறுத்தாது. எல்லாவற்றுக்கும் கணக்குப் போட்டதில் சரியாக 2 மீட்டர் வந்தது.

கடையில் இளமஞ்சளில் சின்னச் சின்ன நீலப் பூப் போட்ட துணி ஒன்று இருந்தது. தொட்டால் நல்ல கனமாக, விறைப்பாக இருந்தது. இரண்டு தடவை கேட்டேன்.

"இது சுத்தமான காட்டன்தானே? குழந்தைக்கு."

"நூறு பர்சென்ட் காட்டன் மேடம். சந்தேகமே வேண்டாம், பாருங்க."

சொல்லிவிட்டு, துணியின் வெட்டு ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி லைட்டரில் காட்டினார். சட்டென்று பற்றி எரிந்தது. காகிதம் எரிகிற வாசனை. சாம்பலை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துக் காட்டினார். மாவாக உதிர்ந்தது. பஞ்சு நூல் அப்படித்தான் எரியும் என்று எனக்கும் தெரியும், அதனால் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. மேஜை ஓரத்தில் ஆணியடித்து வைத்திருந்த ஒரு கம்பியில் வைத்து விறுவிறுவென்று இரண்டு தடவை அளந்தார், வெட்டினார், மடித்துக் கொடுத்தார். பில்லில் "துணி 2" என்று மட்டும் எழுதியிருந்தது. அதை நான் அப்போது கவனிக்கவில்லை.

வீட்டில் தரையில் விரித்து இஞ்ச் டேப் வைத்தேன். 183 செ.மீ. டேப் வழுக்கிவிட்டதோ என்று திரும்ப வைத்தேன். மறுபடியும் 183. கொஞ்ச நேரம் யோசித்த பிறகுதான் பிடிபட்டது. ஒரு கஜம் என்பது 36 அங்குலம், அதாவது 91.44 செ.மீ. அந்தக் கம்பி மீட்டர் கம்பியே இல்லை, கஜக் கம்பி. மீட்டருக்குக் காசு வாங்கிக்கொண்டு கஜத்தில் அளந்து கொடுத்தால் ஒவ்வொரு மீட்டருக்கும் எட்டரை செ.மீ. கடைக்கு மிச்சம். எனக்கு 17 செ.மீ. குறைந்தது. பாடியிலும் பாவாடையிலும் கை வைக்க முடியாது. பை இரண்டையும் விட்டுவிட்டேன். அவளிடம் அடுத்த கவுனில் வைக்கிறேன் என்றேன்.

அன்றைக்கே துணியை எடுத்துக்கொண்டு திரும்பப் போயிருக்க வேண்டும். போகவில்லை. இரண்டு நாளில் கவுன் வேண்டும் என்று அவள் காலைச் சுற்றிக்கொண்டிருந்தாள், துவைத்துக் காயவைக்கக்கூடப் பொறுமையில்லாமல் அப்படியே வெட்டினேன்.

துணி அதன் குணத்தைத் தைக்கும்போதே காட்டிவிட்டது. பாவாடையின் கீழ் ஓரத்தை மடித்து நகத்தால் கீறினேன். பஞ்சுத் துணி என்றால் நகம் பட்ட இடத்தில் மடிப்பு கோடாக நிற்கும். இதில் மடித்த மடிப்பு மெதுவாக எழுந்து விரிந்துகொண்டது. சரி, இஸ்திரி போட்டால் நின்றுவிடும் என்று பெட்டியைக் காட்டன் சூட்டில் வைத்துத் தேய்த்தேன். தேய்த்த இடம் பளபளத்தது. ஓரம் லேசாகச் சுருங்கிக் குறுகியது. பிளாஸ்டிக் வாடை வந்தது. பெட்டியின் அடியில் பழைய கறை ஏதோ இருக்கும் என்று அதைத் துடைத்தேனே தவிர, துணியைச் சந்தேகப்படவில்லை. அவர் கொளுத்திக் காட்டியதை என் கண்ணால் பார்த்திருந்தேனே!

பார்க்கக் கவுன் நன்றாகத்தான் வந்தது. போட்டுக்கொண்டு அரை மணி நேரம் விளையாடியிருப்பாள். உள்ளே வந்து, "அம்மா, கழட்டு, குத்துது" என்றாள். முதுகில் துணி ஈரமாக ஒட்டிக்கொண்டிருந்தது. உரித்தெடுப்பதுபோல் கழற்றினேன். தோள்பட்டை எலும்பு இரண்டுக்கும் நடுவில் செக்கச்செவேலென்று தடித்திருந்தது. அந்த இடத்தில் லைனிங்கோடு சேர்த்து இரண்டு அடுக்குத் துணி. நான்தான் பார்த்துப் பார்த்து வைத்தேன்.

அன்று ராத்திரி அந்தக் கவுனைத் துவைத்தேன். தண்ணீர் மஞ்சளாக மாறி, அதோடு கலங்கலாக, கஞ்சி கரைத்ததுபோல் கொழகொழவென்று ஆனது. பிழிந்து உதறினால் கையில் இருந்தது வேறு துணி. கடையில் தொட்ட கனம் போய்விட்டது. உள்ளே கையை விட்டால் ஐந்து விரலும் தெரிந்தன. நெருக்கமில்லாமல் நெய்த துணிக்குக் கஞ்சியும் மாவும் ஏற்றி விறைப்பாக்கி விற்றிருக்கிறார்கள். பக்கத் தையல்களைப் பார்த்தபோதுதான் எனக்குக் கோபம் வந்தது. தையல் எங்கேயும் விடவில்லை, ஒரு நூல்கூட அறுந்துபோகவில்லை. தையலை ஒட்டிய இடத்தில் நெடுக்கு நூல்களெல்லாம் ஒரு பக்கமாக வழுக்கி ஒதுங்கிவிட்டன. குறுக்கு நூல்கள் மட்டும் ஏணிப்படிபோல் நின்றன. அந்தப் படிகளுக்கு நடுவே என் விரல் நகம் நுழைந்தது.

நூல் அப்படி வழுக்குகிறது என்றால் அது பஞ்சு நூலாக இருக்காது. மிச்சத் துண்டு ஒன்றை எடுத்தேன். குறுக்கே வெட்டிய ஓரத்தில் தானாக உருவி வருவது எப்போதும் ஊடை, அதாவது குறுக்கு நூல். அதை உருவியபின் சீப்புப் பல்லுபோல் நீட்டிக்கொண்டு நிற்பது பாவு, நெடுக்கு நூல். ஒரு ஊடை நூலை எடுத்துத் தீயில் காட்டினேன். கடையில் பார்த்தது போலவே எரிந்தது: காகித வாசனை, மாவுச் சாம்பல். அடுத்து ஒரு பாவு நூல். தீயைக் கிட்டே கொண்டுபோகும்போதே அது சுருண்டு பின்வாங்கியது. கறுப்புப் புகை வந்தது. ஆறிய பிறகு நுனியில் கடுகு மாதிரி கறுப்பாக ஓர் உருண்டை. நகத்தால் அழுத்தினேன், உடையவில்லை. சுத்தமான பாலியஸ்டர்.

பாவு பாலியஸ்டர், ஊடை பஞ்சு. கடைக்காரர் உருவியது ஊடை. வெட்டு ஓரத்தில் எவர் உருவினாலும் அதுதான் வரும். தெரிந்து செய்தாரா, தெரியாமலேயே எல்லோருக்கும் அப்படிக் காட்டிக்கொண்டிருக்கிறாரா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். கஜக் கம்பி ஞாபகம் வந்தது, அதற்குப் பிறகு யோசிக்கவில்லை.

மறுநாள் கவுனையும் துண்டுகளையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். "வெட்டுன துணி, துவைச்ச துணி திரும்ப எடுக்க மாட்டோம் மேடம்" என்றார். பாவு நூலை எடுத்துக் கொளுத்திக் காட்டினேன். "இந்த ரகத்துல லேசா மிக்ஸ் வரும், எல்லாரும் இதத்தான் காட்டன்னு சொல்லுவாங்க" என்றார். அளவைப் பற்றிக் கேட்டேன். "பில்லுல மீட்டர்னு எங்க போட்டிருக்கு?" என்றார். பில்லை எடுத்துப் பார்த்தேன். "துணி 2". காசு திரும்பவில்லை. ஆறு வயதுக் குழந்தையின் முதுகு எப்படி இருந்தது என்று சொன்னேன். அதற்கு அவர் பதில் சொல்லாமல் அடுத்தவருக்குத் துணி எடுத்துப் போடத் தொடங்கினார்.

பாலியஸ்டர் என்றாலே விஷம் என்று நான் சொல்லவில்லை. சீக்கிரம் காயும், கசங்காது, மழைக்கோட்டுக்கும் பைக்கும் நல்ல துணி. வியர்க்கும் குழந்தையின் உடம்போடு ஒட்டிக் கிடக்கும் உடுப்புக்குத்தான் ஆகாது. 65 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றில் பஞ்சு தன் உலர் எடையில் ஏறக்குறைய 8 சதவீதம் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பாலியஸ்டர் அரை சதவீதம்கூட வைத்துக்கொள்ளாது. வியர்வையை நூல் குடிக்காவிட்டால் அது தோலுக்கும் துணிக்கும் நடுவில்தான் நிற்கும். ஏற்கெனவே வேர்க்குரு உள்ள தோல் என்றால் சொல்லவே வேண்டாம்.

இப்போது நான் துணிக்கடைக்குப் போனால் முதலில் துணியை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்க்கிறேன். பிறகு ஒரு மூலையை அதன் மேலேயே வைத்து, கறுப்புத் துணி ஒன்றின் மேல் கசக்கித் தேய்க்கிறேன். வெள்ளைப் பொடி கொட்டினால் அந்தக் கனமெல்லாம் கஞ்சி. வெள்ளைக் கைக்குட்டையை நனைத்து ஒரு தேய் தேய்த்தால் சாயம் நிற்குமா என்பதும் தெரிந்துவிடும். நகத்தால் மடித்துக் கீறிப் பார்க்கிறேன். கடைக்காரர்கள் சிலர் முகத்தைச் சுளிக்கிறார்கள், பரவாயில்லை.

கொளுத்திப் பார்ப்பதைக் கடையில் அவர்கள் கையில் விடுவதில்லை. முதலில் கால் மீட்டர் மட்டும் வாங்கி வந்து வீட்டில் பார்க்கிறேன். பாவில் ஒரு நூல், ஊடையில் ஒரு நூல். இரண்டையும் தனித்தனியாக, இடுக்கியால் பிடித்து, எவர்சில்வர் தட்டின் மேல், பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு. குழந்தை அந்தப் பக்கம் இருக்கக் கூடாது. உருகிய பாலியஸ்டர் சொட்டுத் தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும்.

இதிலும் ஒரு வழுக்கல் உண்டு. ரேயான் என்கிற விஸ்கோஸ் துணியும் பஞ்சைப் போலவே எரியும், அதே காகித வாசனை, அதே சாம்பல். மரக்கூழிலிருந்து எடுக்கிற நூல் என்பதால் தீ இரண்டையும் பிரித்துக் காட்டாது. நூலை நடுவில் நனைத்து இழுத்துப் பாருங்கள். ரேயான் நனைந்தால் பலம் குறையும், நனைந்த இடத்திலேயே சட்டென்று அறுந்துவிடும். பஞ்சு நூலுக்கு நனைந்தால் பலம் கூடும். ரேயான் உடம்புக்குக் குளுமையாகத்தான் இருக்கும், வெயிலுக்கு மோசமில்லை. ஆனால் வாரத்துக்கு நான்கு தடவை துவைத்துப் பிழியும் குழந்தைக் கவுனுக்கு நான் அதை எடுக்க மாட்டேன். காட்டன் விலை கொடுத்து வாங்கவே மாட்டேன்.

பில்லில் "100 சதவீதம் காட்டன், 2 மீட்டர்" என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் துணியை மேஜையிலேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். வெட்டுவதற்கு முன் உங்கள் இஞ்ச் டேப்பை அந்தக் கம்பியின் மேல் ஒரு தடவை வையுங்கள். என் கைப்பையில் இப்போது எப்போதும் ஒரு டேப் கிடக்கிறது.

நல்ல காட்டனாகவே இருந்தாலும் துவைக்காமல் வெட்டாதீர்கள். பஞ்சுத் துணி முதல் துவைப்பில் 3 முதல் 5 சதவீதம்வரை சுருங்குவது சாதாரணம். 60 செ.மீ. நீளக் கவுனில் அது 2, 3 செ.மீ. வளரும் பிள்ளைக்கு அந்த 3 செ.மீ. ஒரு பருவம் முழுக்கப் போட்டுக்கொள்வதற்கும், இரண்டே மாதத்தில் முழங்காலுக்கு மேலே ஏறிவிடுவதற்கும் உள்ள வித்தியாசம்.

அந்த மஞ்சள் கவுனைப் பிரித்துவிட்டேன். பொத்தான்களை எடுத்துவைத்தேன். பாடித் துண்டுகளின் அளவு சரியாக இருந்ததால் அவற்றைத் தாளில் வைத்து வரைந்து வைத்துக்கொண்டேன். வேறொரு கடையில் இன்னொரு மஞ்சள் துணி கிடைத்தது, பூவில்லாத வெறும் மஞ்சள். கால் மீட்டரில் இரண்டு நூலும் சாம்பலாயின, நனைத்து இழுத்தும் தாங்கின. பில்லிலும் எழுதித் தந்தார்கள். வீட்டில் அளந்தேன், 200 செ.மீ. துவைத்துக் காயவைத்து மறுபடி அளந்தேன், 193. அதற்கேற்பப் பாவாடையின் நீளத்தைத் திரும்பக் கணக்குப் போட்டு நேற்று வெட்டினேன். பை இரண்டும் வந்துவிட்டன. இன்று ராத்திரி அவற்றைத்தான் முதலில் தைக்க வேண்டும்.