ஆறு வில்லன்கள், ஆறு முழுப்பக்கங்கள்: அமேஸிங் ஸ்பைடர்மேன் ஆனுவல் 1

1964ல் மார்வெல் வெளியிட்ட 'அமேஸிங் ஸ்பைடர்மேன்' முதல் ஆனுவலை, அதாவது வருஷத்துக்கு ஒருமுறை வரும் தடித்த காமிக்ஸ் சிறப்பிதழை, பல வருஷமாகத் திரும்பத் திரும்பப் படித்து வருகிறேன். கையில் இருப்பது அசல் பிரதி இல்லை. அது விற்கிற விலைக்கு நம்மால் கிட்டேகூடப் போக முடியாது. முதலில் கருப்பு-வெள்ளைத் தொகுப்பு, அப்புறம் போனில் மார்வெல் அன்லிமிடெட் ஆப், பிறகு கெட்டி அட்டை போட்ட வண்ணத் தொகுப்பு என்று மூன்று விதமாகவும் படித்தாயிற்று. ஒரே கதைதான், ஆனால் எதில் படிக்கிறோம் என்பதைப் பொறுத்து வில்லன்களின் உயரமே மாறிவிடுகிறது. இந்த இதழைப் பொறுத்தவரை அது சின்ன விஷயம் இல்லை.

வழக்கமான மாத இதழ் 12 சென்ட் விற்ற காலத்தில் இதற்கு 25 சென்ட், 72 பக்கம். முக்கியக் கதை மட்டும் 41 பக்கம். எழுத்து ஸ்டான் லீ, ஓவியம் ஸ்டீவ் டிட்கோ. ஜெயிலில் இருக்கும் வில்லன் டாக்டர் ஆக்டோபஸின் இரும்புக் கைகளை உடம்பிலிருந்து பிரித்து வைத்திருக்கிறார்கள். தூரத்தில் இருந்தாலும் அவை தன் மனசு சொல்வதைக் கேட்கும் என்று அவனுக்குத் தெரிய வருகிறது. அவ்வளவுதான், வெளியே வந்துவிடுகிறான். எலக்ட்ரோ, கிரேவன், மிஸ்டீரியோ, சாண்ட்மேன், வல்ச்சர் ஆகிய ஐந்து பேரையும் சேர்த்துக்கொள்கிறான். சினிஸ்டர் சிக்ஸ் பிறக்கிறது. இவர்களில் மூத்தவனான வல்ச்சரே 1963ல் 2வது இதழில்தான் அறிமுகமானான். கடைக்குட்டி கிரேவன் வந்தது இதே 1964ல், 15வது இதழில். இவ்வளவு குறுகிய காலத்தில், ஒருவர் சாயல் இன்னொருவரில் இல்லாமல், ஆறு பேரைச் சேர்ந்தாற்போல் நிறுத்த முடிந்திருக்கிறது. எனக்கு இன்றுவரை அது பெரிய சாதனையாகத்தான் தெரிகிறது.

இதை என் அண்ணன் மகனுக்குக் கொடுத்தபோது பாதியிலேயே நிறுத்திவிட்டுக் கேட்டான்: "சித்தப்பா, ஆறு பேரும் ஒண்ணா சேர்ந்து அடிச்சா ஸ்பைடர்மேன் காலியாச்சே, ஏன் ஒவ்வொருத்தனா வர்றாங்க?" நியாயமான கேள்வி. கதைக்குள்ளேயே பதில் இருக்கிறது. அவனை வீழ்த்திய பெருமை தனக்கே கிடைக்க வேண்டும் என்று ஒவ்வொருவனுக்கும் ஆசை. அதனால் ஆளுக்கொரு இடம், ஆளுக்கொரு முறை. ஒருவனை ஜெயித்தால்தான் அடுத்தவன் எங்கே இருக்கிறான் என்ற துப்பு கிடைக்கும். படிக்கப் படிக்க எனக்கு இதில் இன்னொரு நியாயமும் தெரிந்தது. ஆறு பேரும் ஒரே சண்டையில் இறங்கியிருந்தால் யாருக்கும் முகம் இருந்திருக்காது. இங்கே ஒவ்வொரு சண்டைக்கும் டிட்கோ ஒரு முழுப்பக்க ஓவியம் ஒதுக்குகிறார். சின்னச் சின்னக் கட்டங்களாக ஓடிவரும் கதை, அடி விழும் நொடியில் சட்டென்று பக்கம் முழுக்க விரியும். அந்தப் பக்கத்தில் அந்த வில்லன்தான் ராஜா.

ஆறில் எனக்கு உசத்தி எலக்ட்ரோவின் பக்கம்தான். அதற்கு முன்னால், தன்னை வளர்த்த, தன்னால்தான் செத்துப்போனதாக நம்பும் அங்கிள் பென்னை நினைத்துக் குற்ற உணர்ச்சியில் புழுங்கும் பீட்டருக்கு, அதாவது முகமூடிக்குள் இருக்கும் ஸ்பைடர்மேனுக்கு, திடீரென்று சக்தி போய்விடுகிறது. சுவரில் கை ஒட்டவில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் அவனை வளர்த்த ஆன்ட் மேயையும் காதலி பெட்டி பிராண்ட்டையும் கடத்திவிட்டார்கள் என்று செய்தி வருகிறது. சக்தி இல்லாமலேயே முகமூடியை மாட்டிக்கொண்டு, டோனி ஸ்டார்க்கின் (அயர்ன் மேன்தான்) மின் நிலையத்தில் காத்திருக்கும் எலக்ட்ரோவைத் தேடிப் போகிறான். போனால் செத்துப்போவோம் என்று தெரிந்தேதான் போகிறான். மின்னல் பாய்ந்துவரும் கணத்தில் உடம்பு தானாகத் துள்ளி விலகுகிறது. விலகிய பிறகுதான் சக்தி போகவே இல்லை, மனசுதான் அதைப் பூட்டி வைத்திருந்தது என்று அவனுக்கே உறைக்கிறது. அந்த இடத்தில் நான் இன்றும் சற்று நிறுத்தித்தான் பக்கத்தைத் திருப்புகிறேன்.

மற்ற சண்டைகளில் சாண்ட்மேனுடையது புத்திசாலித்தனமானது. காற்றுப் புகாத இரும்பு அறைக்குள் இருவரும் மாட்டிக்கொள்ள, யார் அதிக நேரம் மூச்சடக்குகிறார்கள் என்பதில் முடிவு இருக்கிறது. மணலாக மாறுகிறவனும் மூச்சு விட்டுத்தானே ஆக வேண்டும்! கிரேவன் சிறுத்தைகளோடு வருவது பார்க்க அழகு. மிஸ்டீரியோ, மார்வெலின் இன்னொரு ஹீரோ குழுவான எக்ஸ்-மென் உருவத்தில் ரோபோக்களை ஏவுகிறான், அது சுமார்தான். வல்ச்சர் அதைவிடச் சுமார். கடைசியில் ராட்சத மீன் தொட்டி போன்ற தண்ணீர்த் தொட்டிக்குள் ஆக்டோபஸோடு நடக்கும் சண்டையில், டிட்கோ அந்தக் கைகளை வளைத்து வளைத்து வரைந்திருப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

ஆன்ட் மேக்குத் தான் கடத்தப்பட்டிருப்பதே தெரியாது. ஆக்டோபஸை நல்ல பண்புள்ள மனிதர் என்று நம்பிவிடுகிறார். அவனும் அவரிடம் மரியாதையாகவே நடந்துகொள்கிறான். இது வெறும் சிரிப்புக் காட்சி என்று நினைத்தால், 1974ல் 131வது இதழில் இதே ஆன்ட் மே இதே ஆக்டோபஸைக் கல்யாணம் செய்துகொள்ள நிற்பார்! விதை இங்கேதான் விழுந்திருக்கிறது.

குறை இல்லாமல் இல்லை. தோர், டாக்டர் ஸ்ட்ரேஞ்ச், ஃபென்டாஸ்டிக் ஃபோர் என்று மார்வெல் ஹீரோக்கள் ஒவ்வொருவராகத் தலைகாட்டிவிட்டுப் போகிறார்கள். கதைக்கு அவர்களால் ஒரு பயனும் இல்லை, அவரவர் இதழுக்கு விளம்பரம், அவ்வளவே. பதற்றம் ஏறிவரும் நேரத்தில் இவர்கள் வந்து வேகத்தைக் கெடுக்கிறார்கள். முதல் முறை படித்தபோது ஜாலியாக இருந்தது, இப்போது அந்தக் கட்டங்களைத் தாண்டிப் போய்விடுகிறேன். பெட்டிக்கும் காத்திருப்பதைத் தவிர வேலையே கொடுக்கவில்லை.

பின்பக்கங்களில் வில்லன்களின் படத்தொகுப்பு, ஸ்பைடர்மேனின் சக்திகள் பற்றிய விளக்கம், லீயும் டிட்கோவும் எப்படி வேலை செய்கிறார்கள் என்று காட்டும் 3 பக்க நகைச்சுவை எல்லாம் உண்டு. சில காலத்திலேயே இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்று, 1966ல் 38வது இதழோடு டிட்கோ விலகிவிட்டார் என்பது தெரிந்த பிறகு, அந்த 3 பக்கங்கள் சிரிக்க வைப்பதில்லை.

இனி எதில் படிப்பது என்ற விஷயம். போன் ஆப்பில் கட்டம் கட்டமாகப் பெரிதாக்கிப் படித்தால் இந்த இதழ் பாதி செத்துவிடுகிறது. சின்னக் கட்டமும் திரையை நிரப்புகிறது, முழுப்பக்கமும் அதே திரைக்குள் சுருங்கி நிற்கிறது. எலக்ட்ரோவின் பக்கம் வரும்போது அந்த அதிர்ச்சியே கிடைக்காது. ஆப்தான் இருக்கிறது என்றால் டேப்லெட்டில் முழுப் பக்கமாக வைத்துப் படியுங்கள். வண்ணத் தொகுப்பில் அளவு சரியாக இருக்கிறது, பைண்டிங்கும் இத்தனை புரட்டலுக்குப் பிறகும் விடவில்லை. ஆனால் வழவழப்பான தாளில் சிவப்பும் மஞ்சளும் கொஞ்சம் கண்ணைக் குத்துகின்றன. கருப்பு-வெள்ளைத் தொகுப்பு சாதாரணத் தாள்தான், எனக்கு ஓரமெல்லாம் பழுத்துவிட்டது. இருந்தாலும் டிட்கோவின் கோடு எப்படிப் போகிறது, மின்னலையும் வலையையும் எப்படிப் பிரித்துக் காட்டுகிறார் என்பதெல்லாம் அதில்தான் தெளிவாகத் தெரிகிறது. அதில் முதல் 20 இதழ்களும் சேர்ந்தே வருவதால் ஆறு பேரின் அறிமுகக் கதைகளும் கையோடு கிடைத்துவிடும். 2, 3, 4, 9, 13, 15 ஆகிய இதழ்களை முடித்துவிட்டு ஆனுவலுக்கு வாருங்கள். பழைய புத்தகமாகத் தேடித்தான் வாங்க வேண்டியிருக்கும், பக்கங்கள் கழன்றிருக்கின்றனவா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.